பொக்கை அச்சு

ஞானம்பாள் அம்மாளுடைய வயிறு தனிப்பிறவி. திருப்பதி போனால் லட்டைச் செரிக்கும். காசி போனால் கங்கைத் தண்ணீரையே செரிக்கும். கல்யாணப் பந்தியில் மூன்றாவது தடவை ஊற்றிய பாயசத்தையும் செரித்துவிட்டு, பீடா எங்கே என்று கேட்கும். மருமகள் சிநேகாவின் வீட்டு வாசற்படியை மிதித்தால் மட்டும் அதற்குக் கோளாறு வந்துவிடும். "காலைலேர்ந்து ஒரே உப்புசம்மா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்." உப்புசம் இல்லாத நாளில் விரதம். விரதமும் இல்லாத நாளில், "இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தேன், நீ சிரமப்படாதே." குடிக்கிற தண்ணீர்கூட பாட்டிலில் கையோடு வந்துவிடும்.

பூஞ்சேரியில் சிநேகாவும் இனியனும் குடியிருந்த வாடகை வீட்டில் ஆரம்பத்தில் மாமியார் வாயில் வைத்த ஒரே பண்டம் வாழைப்பழம். ஒருநாள் சிநேகா ஆசையாக ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, தட்டில் அடுக்கி வைத்தாள். அது சாயங்காலம் வரை ஈ மொய்த்துக்கொண்டு கிடந்தது. அடுத்த தடவை உரிக்காமல் முழுசாக வைத்தாள். மாமியார் தானே உரித்துச் சுளை சுளையாகச் சாப்பிட்டாள். அன்றைக்குத்தான் சிநேகாவுக்கு உறைத்தது. இனியனிடம் சொன்னாள். "சீச்சீ, நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காதே, அம்மாவுக்கு நிஜமாவே வயிறு வீக்" என்றான். நல்லவன்தான். நல்லவர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில் கண் கொஞ்சம் மந்தம்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. சிறுசேரியில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும்போது பழக்கம். இனியனுடைய அப்பா நரசிம்மன் கல்பாக்கம் அணு ஆராய்ச்சியில் இருந்து ரிட்டையராகி, பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் வீடு கட்டிக்கொண்டவர். சிநேகாவின் அப்பா ஞானதாஸ் கருங்குழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு முந்தின தலைமுறை முழுக்க அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டது. அம்மா ரெபேக்காள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல். கல்யாணப் பேச்சு நடந்த அன்று நரசிம்மன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாங்க அதெல்லாம் பார்க்கிறதில்லை" என்றார். எதெல்லாம் என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் யாரும் கேட்கவில்லை.

முதல் தடவை புதுப்பட்டினம் போனபோது சிநேகா வாய் தவறி, "இன்னா அத்தை?" என்று கேட்டுவிட்டாள். ஞானம்பாள் சிரித்த முகத்தோடு, "இன்னா இல்லம்மா, என்ன. என்ன அத்தைன்னு சொல்லு" என்றாள். அதிலிருந்து அந்த வீட்டு கேட்டைத் திறக்கும்போதே சிநேகா நாக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு பேசப் பழகினாள். அடுப்பைத் தொட விடமாட்டார்கள். "நீ உட்காரும்மா, விருந்தாளி மாதிரி எப்பவாவது வர்றே" என்பார்கள். மருமகள் எத்தனை வருஷம் விருந்தாளியாக இருப்பாள்?

ஆனால் ஒரு ஆறுதல் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் இவ்வளவையும் பொறுத்தாள். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ரெபேக்காள் ஒரு பெரிய டப்பா நிறைய முள்ளு முறுக்கு சுட்டு, புது ரிப்பன் கட்டி சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவாள். டப்பா காலியாகத் திரும்பி வரும். "உங்கம்மா முறுக்கு ரொம்ப நல்லா இருந்துதும்மா. ரெண்டே நாள்ல காலி!" என்று ஞானம்பாள் சொல்லுவாள். அது போதும் சிநேகாவுக்கு. என் கையால் சாப்பிடாவிட்டால் போகிறது, என் அம்மா கையால் சாப்பிட்டாளே என்று தேற்றிக்கொள்வாள். அதைக் கருங்குழிக்கு போன் போட்டுச் சொன்னால், ரெபேக்காள் அந்தத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிடுவாள். "எங்க சம்பந்தியம்மாவுக்கு நம்ம முறுக்குன்னா உசுரு!"

இப்படி இருக்கும்போதுதான் இனியனின் தங்கை ரோகிணி பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்து சேர்ந்தாள். ஆறாவது மாதம். போனில் கொஞ்சினாள்.

"அண்ணி, எனக்கு சுரோஸ் வேணும். மகாபலிபுரத்துல ஒத்தவாடைத் தெருவுல ஒரு கஃபேல சாப்பிடுவேனே, சக்கரையும் பட்டைத்தூளும் தூவி, சாக்லேட்ல தொட்டுக்கிட்டு? ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. சீசன் இல்லன்னு அந்தக் கடையைப் பூட்டிட்டுப் போயிட்டானாம் பாவி. நீங்க செஞ்சு தர்றீங்களா?"

நீங்க செஞ்சு தர்றீங்களா! இரண்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அவளிடம் ஒருவர் வாய்விட்டுக் கேட்ட முதல் பண்டம். சிநேகாவுக்கு மனசு குதித்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குச் செய்துகொண்டு போனதை எந்த மாமியாராவது வேண்டாம் என்பாளா? அதுவும் சுரோஸ். சாம்பார் என்றால் எங்க வீட்டுப் பக்குவம், உங்க வீட்டுப் பக்குவம் என்று ஆயிரம் இருக்கும். இது எந்த நாட்டுப் பலகாரமோ. இதற்குத் தெருவும் கிடையாது, குலமும் கிடையாது. முட்டை போடாமலும் செய்யலாம். புது எண்ணெய், புது வடச்சட்டி வாங்கிவிடலாம். சொல்ல ஒரு குறை இருக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை அந்த அம்மாள் என் கையால் சாப்பிட்டுவிட்டால் போதும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். பைத்தியக்காரப் பெண்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளோட்டம் பார்த்தாள். தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரை, உப்பு, எண்ணெய் விட்டுக் கொதிக்கவைத்து, மைதாவைக் கொட்டிக் கொழுக்கட்டை மாவு மாதிரி கிளறி இறக்கினாள். நட்சத்திர மூக்கு வைத்த பையில் போட்டுப் பிழிய வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நட்சத்திரம் எல்லாம் ஜோடனைக்கு, நமக்கு எதற்கு என்று பால் கவரைக் கழுவி, மூலையை வெட்டி, எண்ணெயில் நீளநீளமாகப் பிழிந்தாள். வழவழவென்று விரல் மாதிரி விழுந்தன. ஜோராகத்தான் பொன்னிறமாயின. திடீரென்று ஒன்று டப்பென்று வெடித்தது. பின்னாலேயே இன்னொன்று. எண்ணெய் எழும்பி வலது மணிக்கட்டில் தெறித்தது. "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு அடுப்பை அணைத்தாள். இனியன் ஓடி வந்து குழாயைத் திறந்து கையைப் பிடித்தான். "உனக்கு எதுக்கு இந்த வேலை? வேற ஏதாவது கடையில வாங்கிக் கொடுத்துட்டாப் போச்சு" என்றான்.

கையில் மருந்தைப் பூசிக்கொண்டு வீடியோவை மறுபடி பார்த்தாள். முள் இருந்தால்தான் உள்ளே இருக்கும் ஆவி வெளியே வருமாம், வழவழப்பாகப் பிழிந்தால் வெடிக்குமாம். முதல் தடவை அந்த இடத்தைத்தான் பார்க்காமல் ஓட்டிவிட்டிருந்தாள். முள் என்றதும் அம்மாவின் முறுக்கு அச்சு ஞாபகம் வந்தது. போன் போட்டாள்.

"அச்சா? இன்னாடி செய்யப் போற?"

"சுரோஸ்மா."

"சுறாவா? அடியே, அவங்க சைவக்காரங்கடி! அந்த வூட்டுக்குப் போயி சுறா எடுத்துக்கினு போறேன்ற?"

"சுறா இல்லமா, சுரோஸ். மைதா மாவு பலகாரம், வெளிநாட்டுது. நம்ம முள்ளு முறுக்க நீட்டமா புழிஞ்சி சக்கரைல பொரட்டினா எப்டி இருக்கும், அத்த மாதிரி."

"அப்போ அத்த முறுக்குன்னே சொல்லிட்டுப் போறதுதானே. இன்னாத்துக்கு மீனு பேரு வெச்சிகினு பேஜாரு பண்றானுங்க?" ரெபேக்காள் சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். "சம்பந்தியம்மாவும் சாப்பிடுவாங்களாடி?"

"சாப்பிடுவாங்கமா."

"நம்ம முறுக்கையே வுடல, இத்த வுடுவாங்களா! நாளைக்கி செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. குடுத்துட்டுப் போறேன்."

மறுநாள் சிநேகா ஸ்கூட்டியில் செங்கல்பட்டு போனாள். ரெபேக்காள் மதுராந்தகம் பஸ்ஸிலிருந்து இறங்கி, மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பைக்குள் பழைய பித்தளை அச்சு, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. சிநேகா மாவு இறங்குகிற வில்லையை எடுத்து விரலால் தடவினாள். ஆறு முள்ளில் ஒன்று இல்லை. சின்ன வயதில் அவள்தான் அதைத் தரையில் வைத்து, மேலே பாதாங்கொட்டையை வைத்துக் கல்லால் உடைத்தாள். கொட்டையும் உடைந்தது, முள்ளும் உடைந்தது. அன்றைக்கு வாங்கிய அடி முதுகில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதிலிருந்து ரெபேக்காளின் முறுக்கு ஒரு பக்கம் மட்டும் முள் இல்லாமல் வழவழவென்று வரும். தெருவில் அதற்குப் பொக்கை முறுக்கு என்றே பெயர். கலியாணம் காட்சியில் பத்து வீட்டு முறுக்கு ஒரே தட்டில் கலந்து கிடந்தாலும், இது ரெபேக்காள் சுட்டது என்று குழந்தை எடுத்துக் காட்டும்.

"வேற வில்ல வாங்கித் தர்றேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"போடி. இத்த மாத்திட்டா எம் முறுக்குன்னு எப்டித் தெரியும்?" அப்போதுதான் ரெபேக்காள் மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். "கைல இன்னாடி இது?"

"எண்ணெ பட்டுடிச்சி. ஒண்ணுமில்ல."

ரெபேக்காள் கையைப் பிடித்து ஊதிவிட்டாள். பச்சைக் குழந்தைக்கு ஊதுகிற மாதிரி. பிறகு புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "நாளைக்கி நானும் வரட்டாடி? வயித்துப்புள்ளக்காரியப் பாத்து ரெண்டு முழம் பூ வெச்சிட்டு உடனே வந்துடறேன். உக்காரக்கூட மாட்டேன்."

உட்காரக்கூட மாட்டேன் என்று அவளே சொன்னாள் பாருங்கள், அதுதான் சிநேகாவுக்குத் தாங்கவில்லை. "இன்னொரு வாட்டி கூட்டிகினு போறேம்மா. இப்போ அவளுக்கு ரெஸ்ட் வேணும்னுட்டாங்க" என்று பொய் சொன்னாள். "ஆமாமா, அதுவும் சரிதான்" என்று ரெபேக்காள் உடனே ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிநேகா தலைக்குக் குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். மாவை அச்சில் அடைத்துப் பிழிந்தால், முள்ளுமுள்ளாக, ஒரு பக்கம் மட்டும் பொக்கையாக, எண்ணெயில் நீளமாக இறங்கியது. கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு வெட்டிவிட்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. ஜல்லிக்கரண்டியில் அரித்துச் சூட்டோடு சர்க்கரையிலும் பட்டைத்தூளிலும் புரட்டினாள். ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். மேலே மொறுமொறு, உள்ளே மெத்தென்று, மணம் மூக்கைத் துளைத்தது. ஆகா! அவளுக்கே நம்ப முடியவில்லை.

எவர்சில்வர் டப்பாவை எடுத்தாள். இனியன் தடுத்தான். "அதுல வச்சா வேர்த்து நமுத்துடும். இதுல வை, காத்தோட்டமா இருக்கும்" என்று ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான். ஒத்தவாடைத் தெருக் கடையில் எப்போதோ வாங்கியது. மேலே கடையின் பெயர் இங்கிலீஷில் வளைத்து வளைத்து அச்சடித்திருந்தது. இவ்வளவு அக்கறையா என்று சிநேகா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். கைப்புண் தெரியாமல் இருக்கக் கண்ணாடி வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு காரில் ஏறினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அந்தச் சூடு தொடையில் பட்டுக்கொண்டே வந்தது.

புதுப்பட்டினத்தில் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நரசிம்மன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ரோகிணி பெட்டியைக் கண்டதும் குழந்தை மாதிரி கையைத் தட்டினாள். திறந்து ஒன்றை எடுத்து, கூடவே வந்த சின்னக் கிண்ணத்துச் சாக்லேட்டில் முக்கி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மா, தேவாமிர்தம்!"

ஞானம்பாள் எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, எங்கே வாங்கினே?"

சிநேகா வாயைத் திறந்தாள். நான்தான் செய்தேன் அத்தை, முட்டை போடலை, புது எண்ணெய் என்றெல்லாம் காரிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அதற்குள் இனியன் முந்திக்கொண்டான்.

"மகாபலிபுரத்துலம்மா. ஃபாரினர்ஸ் வர்ற கடை. பெட்டியில பேர் போட்டிருக்கு பாரு."

சிநேகா அவனைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான். ரோகிணியைப் பார்த்தாள். ரோகிணி ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டதுதான். அட்டைப்பெட்டிக்கு எதற்கு அவ்வளவு அக்கறை என்று அப்போதுதான் புரிந்தது.

ஞானம்பாள் ஒன்றை எடுத்தாள். நுனியைக் கடித்தாள். மென்றாள். இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கடித்தாள். அன்றைக்கு உப்புசமும் இல்லை, விரதமும் இல்லை. "அட, நம்ம ஊர் முறுக்கு மாதிரி இருக்கே. பட்டை வாசனை என்னமா தூக்குது!" ஒன்று முடிந்து இரண்டாவது எடுத்தாள். அதைச் சாக்லேட்டிலும் தொட்டுக்கொண்டாள். "செஞ்ச கைக்குத் தங்க வளையல் போடணும்டா. சுத்தமான கை. வெள்ளைக்காரன் கடைன்னா அந்தச் சுத்தமே தனி."

சிநேகாவின் மணிக்கட்டில் கொப்புளம் விண்விண்ணென்று தெறித்தது. சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, சந்தோஷமும் இருந்தது. சாப்பிட்டாளே! இரண்டு வருஷமாகக் காத்திருந்தது கண்ணெதிரே நடக்கிறதே! அந்தச் சந்தோஷம் வந்ததற்காகவே தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போனாள். இனியன் பின்னாலேயே வந்தான்.

"கோவிச்சுக்காதே. நீ ஆசைப்பட்டது நடந்துச்சா இல்லையா? அம்மா சாப்பிட்டாங்களா இல்லையா?"

"யார் கையால சாப்பிட்டாங்க?"

"உன் கையாலதான்."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"மெதுவாச் சொல்லிக்கலாம். கொஞ்ச நாள் போகட்டும், சிரிச்சுக்கிட்டே சொல்லிடுவேன். உனக்காகத்தானே செஞ்சேன்?"

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாமியாருக்கு வயிறு வீக் இல்லை என்று அவனுக்கு எப்போதோ தெரியும். தெரியாமலா பெட்டி தேடி எடுத்தான்? இத்தனை நாளும் கற்பனை, கற்பனை என்று அவளைத்தானே பைத்தியமாக்கினான்! மாமியார் உரித்த ஆரஞ்சைத் தொடாததைவிட இதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

பின்வாசல் வழியாகக் கன்னியம்மா வந்தாள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். சதுரங்கப்பட்டினத்தில் இருந்து நடந்தே வருவாள். "மருமவப் பொண்ணு வந்துகீதா? நல்லாகீறியா கண்ணு?" என்று சிரித்தாள். கூடத்திலிருந்து ரோகிணி குரல் கொடுத்தாள். "கன்னியம்மாக்கா, வாங்க, புதுசா ஒரு பலகாரம்!" கன்னியம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்து ஓரமாகப் போய் நின்றாள். ரோகிணி இரண்டை எடுத்து ஒரு பேப்பரில் வைத்துக் கொடுத்தாள். சிநேகாவும் இனியனும் வந்து நின்றார்கள். ஞானம்பாள் மூன்றாவதை எடுத்து வாய் அருகே கொண்டு போயிருந்தாள்.

கன்னியம்மா பலகாரத்தை விரலால் ஒரு சுற்றுத் திருப்பினாள். முகம் மலர்ந்தது.

"அட! இது நம்ம மருமவப் பொண்ணு அம்மா வூட்டு அச்சாச்சே!"

யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் விளக்கினாள், பாவம்.

"இத்தப் பாருங்க, ஒரு பக்கம் முள்ளு இல்லாம வழவழன்னு கீது. தீபாளிக்கு, கிறிஸ்மஸ்க்கு ரிப்பன் கட்டி டப்பா வருமே, அந்த முறுக்கு இப்டித்தான் இருக்கும். அம்மா ஒண்ணுகூட எடுக்காம டப்பாவோட எனக்கே தூக்கிக் குடுத்துடுவாங்க. ரெண்டே நாள்ல டப்பாவ கழுவித் திருப்பிக் குடுத்துடுவேன். எம் பேரனுங்க பொக்க முறுக்கு எப்போ வரும், எப்போ வரும்னு கேட்டுகினே இருப்பானுங்க. கடைசரக்கா இது? போங்கம்மா. அந்த வூட்டுக் கைப்பக்குவம் எங்க போனாலும் தெரியும்."

பாராட்டத்தான் சொன்னாள். மனசார, வாய் நிறையச் சொன்னாள்.

ரெண்டே நாளில் காலி! சிநேகாவின் காதில் அந்த வார்த்தைதான் திரும்பத் திரும்பக் கேட்டது. அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சுட்டதும், உடைந்ததைத் தனியாக எடுத்துவிட்டு முழுசை மட்டும் பொறுக்கி அடுக்கியதும், எந்தக் கலர் ரிப்பன் என்று போனில் கேட்டதும் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது.

ஞானம்பாள் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். எழுந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். வாய் கொப்பளிக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு தடவையோடு நிற்கவில்லை. நரசிம்மன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"அம்மா!" என்றாள் ரோகிணி. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

ஞானம்பாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சக்கரை பல்லுல ஒட்டிக்கிச்சு. வேற ஒண்ணுமில்ல."

"ரெண்டு உள்ள போயிடுச்சே அத்தை" என்றாள் சிநேகா. "அதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

இன்னா என்றுதான் சொன்னாள். யாரும் திருத்தவில்லை.

"சிநேகா, விடு. சின்ன விஷயத்தை ஏன் பெரிசாக்குறே?" என்று இனியன் அவள் தோளைத் தொட்டான். தொட்ட கையை அவள் எடுத்துவிட்டாள்.

"எனக்காகச் செஞ்சேன்னு சொன்னியே. எனக்காகன்னா இன்னா செஞ்சிருக்கணும் தெரியுமா? இது என் பொண்டாட்டி செஞ்சதும்மான்னு சொல்லியிருக்கணும். அவங்க வேணாம்னு ஒதுக்கி வெச்சா, எம் பக்கத்துல உக்காந்து நீ சாப்பிட்டிருக்கணும். அவ்ளோதான் நான் கேட்டது. நீ எம் பேர அழிச்சிட்டு எவனோ ஒருத்தன் பேரு போட்ட பெட்டில என்னை வெச்சிக் குடுத்திருக்கே."

அவன் கார் சாவியைக் கையில் எடுத்தான்.

சிநேகா பெட்டியை மூடிக் கன்னியம்மாவிடம் நீட்டினாள். "இந்தாங்கக்கா. பெட்டியோட எடுத்துகினு போங்க. எப்பவும் போல."

கன்னியம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயோ கண்ணு, நா இன்னா தப்பா சொல்லிட்டேன்?"

"நீங்க ஒண்ணும் தப்பா சொல்லலக்கா. எங்கம்மா முறுக்கு நல்லாகீதுன்னு சொன்னீங்க. பேரனுங்க சாப்பிட்டானுங்கன்னு சொன்னீங்க. போதும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இனியன் கேட் வரைக்கும் வந்தான், கார் சாவி கையில் இருந்தது. "சிநேகா, கார்ல உட்கார்ந்து பேசலாம்" என்றான். உள்ளேயிருந்து ஞானம்பாள், "இனியா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். ஒரே ஒரு குரல். அவன் கேட்டிலேயே நின்றுவிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஸ்டாப்பில் வெயில். கடல் காற்றில் மணல் பறந்து கண்ணில் விழுந்தது. போன் அடித்தது. இனியனாக இருக்கும் என்று நினைத்தாள். அம்மா.

எடுக்காமல் இருந்துவிடலாம். ஆனால் ரெபேக்காள் காலையில் இருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்திருப்பாள். கோயிலுக்குப் போனாலும் ஜெபத்தில் பாதி இதுவாகத்தான் இருந்திருக்கும். எடுத்தாள்.

"இன்னாடி ஆச்சி? நல்லா வந்துச்சா? முள்ளு புடிச்சிச்சா?"

"நல்லா வந்துச்சிம்மா."

"புள்ளத்தாச்சி சாப்டுதா?"

"சாப்டுச்சி."

அடுத்த கேள்விக்குத்தான் ரெபேக்காள் போனே போட்டிருக்கிறாள். "சம்பந்தியம்மா?"

சொல்லிவிடலாம். கன்னியம்மாவின் பேரன்களைப் பற்றி, ரிப்பனைப் பற்றி, வாய் கொப்பளித்ததைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சுட்டவளிடம் அதை எந்த வாயால் சொல்வது? இனியன் செய்ததைத்தான் தானும் செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"ரெண்டு சாப்ட்டாங்கம்மா" என்றாள். "மூணாவதும் எடுத்தாங்க. செஞ்ச கைக்குத் தங்க வளையல் போடணும்னாங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"கர்த்தரே, ஸ்தோத்திரம்!" ரெபேக்காள் போனிலேயே கை கூப்பியிருப்பாள். "இன்னாடி குரலு ஒரு மாதிரி கீது? அழுவுறியா?"

"எண்ணெப் பலகாரம்மா. தொண்ட கட்டிகிச்சி."

"சுடுதண்ணி குடி. அச்ச பத்திரமா வெச்சிரு. இந்த தீபாளிக்கி அவங்களுக்குன்னு தனியா ஒரு படி கூடப் போட்டு சுடறேன்." பிறகு போனை வாயிலிருந்து நகர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அடியே சின்னப்பொண்ணு! கேட்டியா, சம்பந்தியம்மா ரெண்டு சாப்ட்டாங்களாம்!"